தோட்டத்து இளைஞனின் கைக்குத் தொழில் எங்கே?

கொழும்பிலிருந்து ஹட்டன் நோக்கி ஏறும் பஸ் வண்டி, கித்துள்கலையைக் கடந்து, வளைவுக்கு மேல் வளைவாகத் திரும்பிக் கினிகத்தேனையை அடையும்போது மலைநாட்டின் வாசல் திறக்கிறது. வெளியூரார் இவ்வாசலால் உட்புகுந்து எழில் காண்கின்றனர். அதே வாசலால் தோட்டத்து இளைஞர் வெளியேறிக்கொண்டிருக்கின்றனர். கையிலே ஒரு பை. பையிலே சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேற்றுத் தாளும் இரண்டு சட்டையும். கொழும்பிலே புடவைக் கடையில் சிப்பந்தி வேலை, அல்லது சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் வேலை. பாட்டன் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன். தாய் கொழுந்துக் கூடை சுமந்தவள். இவனோ எந்தத் தொழிலையும் கற்றுக்கொள்ள வழியின்றி மலையிறங்குகிறான்.

இந்த இளைஞனின் பெயரால் வெளிநாடுகள் பணம் தருகின்றன என்று கூறினால் அவனே நம்பமாட்டான். ஆயினும் அது உண்மை. அபிவிருத்தி உதவி, தொழினுட்ப ஒத்துழைப்பு, திறன் விருத்தி என்று காலத்துக்குக் காலம் பெயர் மாறி வந்திருக்கிறது. பணம் வந்த பாதையும் இளைஞன் போன பாதையும் சந்திக்கவில்லை. ஏன் சந்திக்கவில்லை என்பதே நாம் இன்று ஆராய விரும்பும் கேள்வி.

நாடுகளுக்கிடையிலான தொழினுட்ப உதவி என்பது அரசாங்கம் அரசாங்கத்துக்குக் கொடுப்பது. கொடுக்கும் நாடு பணத்தையும் ஆசானையும் அனுப்பும். பெறும் நாடு மாணாக்கனைத் தெரிந்து அனுப்பும். ஆகவே, அனுப்புவதற்கு ஓர் அரசாங்கம் இல்லாதவனுக்கு உலகமே கூடி உதவி செய்தாலும் அது போய்ச் சேராது. மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளரின் கதை இந்த ஒரு வாக்கியத்துள் அடங்கிவிடும்.

1950 ஆம் ஆண்டு ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பிலே கூடினர். அங்கே கருக்கொண்ட திட்டமே 1951 ஜூலையில் கொழும்புத் திட்டமாகச் செயற்படத் தொடங்கியது. ஆசிய நாட்டு இளைஞர் பொறியியலும் விவசாயமும் கைத்தொழிலும் கற்று முன்னேற வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கத்திலே குறையொன்றுமில்லை. ஆனால் அந்த மகாநாடு கூடுவதற்கு முந்திய பதினாறு மாதங்களுக்குள் அதே கொழும்பின் பாராளுமன்றம் செய்து முடித்த காரியங்களை நினைவுகூர்க. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியர் (பிரஜாவுரிமை) சட்டம். அதே ஆண்டில் தேர்தற் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம். இம்மூன்றும் சேர்ந்து தோட்டத் தமிழரின் பெரும்பகுதியினரை நாடற்றோராக்கி, வாக்கையும் பறித்தன. கொழும்பின் பெயர் தாங்கிய பயிற்சித் திட்டம் ஆசியாவுக்கே வழி திறந்தபோது, அந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டிக் கொடுத்த மக்கள் விண்ணப்பப் பத்திரத்தின் முதல் வரியையே தாண்ட இயலாதிருந்தனர். "இலங்கைப் பிரஜையாக இருத்தல் வேண்டும்" என்ற அந்த வரி, எந்தக் காவற்காரனையும்விட விழிப்பாக வாசலிலே நின்றது.

இந்தியாவின் கணக்கிலும் இத்தகைய ஒரு பொருத்தம் உண்டு. இந்தியத் தொழினுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டம் என்ற பெயரில் பிற நாட்டாருக்குப் பயிற்சியளிக்க இந்திய மந்திரிசபை தீர்மானித்தது 1964 செப்டெம்பர் 15 ஆம் தேதி. அதற்கு நாற்பத்தைந்தாம் நாள், அக்டோபர் 30 ஆம் தேதி, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்று தலைகளைப் பங்கிட்டனர். எண்ணப்பட்டவர்களுள் ஒருவரிடமாவது சம்மதம் கேட்கப்படவில்லை. இந்தியாவின் பயிற்சித் திட்டத்துக்கு இலங்கை தன் உத்தியோகத்தரை அனுப்பியது. பங்கிடப்பட்ட மனிதனை எந்த நாடு எந்தப் பயிற்சிக்கு அனுப்பும்?

உதவியின் பலன் எவ்வளவு அருகில் இருந்தும் எட்டாமற்போகும் என்பதற்குக் கினிகத்தேனைச் சுற்றுப்புறத்தைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. இவ்வூருக்கு அண்மையிலேதான் லக்ஷபானவும் நோர்ட்டன் பிரிட்ஜும் பொல்பிட்டியவும் இருக்கின்றன. பொறியியலாளர் விமலசுரேந்திரா கண்ட கனவு 1950 இல் நனவாகி, லக்ஷபானவின் முதற்கட்ட மின்சாரம் பாய்ந்தது. உலக வங்கி இலங்கைக்கு வழங்கிய முதற் கடனும் இந்த மலையருவிகளுக்காகவே வந்தது. 1954 இல், 1 கோடியே 91 லட்சம் டொலர். 1960களில் காசல்ரீயும் மவுசாகலையும் நீர்த்தேக்கங்களாயின. பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்கடியில் போயிற்று. தேயிலை வளர்ந்த பள்ளத்தாக்குகள் மூழ்கின. இத்துணைப் பெரிய வேலைகள் ஒரே மாவட்டத்தில் முப்பது ஆண்டுகள் நடைபெற்றும், அவற்றின் மருங்கிலிருந்த லயங்களிலே பிறந்த இளைஞரை மின்வினைஞராகவும் இயந்திர வினைஞராகவும் ஆக்குவதற்கு எவரும் திட்டம் வகுக்கவில்லை. அணைக்கட்டுக்கு மேலே உயர் அழுத்தக் கம்பிகள் கொழும்பை நோக்கி ஓடின. கம்பிகளுக்குக் கீழே லயத்து அறைகளில் பல்லாண்டு காலம் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணத்தையும் பார்ப்போம். 1958 இல் பஸ் சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. பஸ் வண்டிகளைப் பழுதுபார்க்கப் பயின்ற தொழிலாளர் போதவில்லை. மேற்கு ஜேர்மனியுடன் ஒப்பந்தம் செய்து 1959 இல் இலங்கை - ஜேர்மன் தொழினுட்பப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினர். "ஜேர்மன் டெக்" என்று ஊரார் அழைக்கும் அந்நிறுவனத்தில் இடம் கிடைப்பதை இன்றும் பெற்றோர் பாக்கியமாகக் கருதுகின்றனர். அதன் வெற்றியின் இரகசியம் பெரிய தத்துவமன்று. பயின்று முடிந்தவனை ஏற்றுக்கொள்ள டிப்போக்கள் காத்திருந்தன. வேலை முதலில் இருந்தது. பயிற்சி அதன்பின் வந்தது. பட்டறையில் பாதி, வகுப்பில் பாதி என்ற ஜேர்மானிய முறை கையையும் மூளையையும் ஒருங்கே பழக்கியது. அரசாங்கச் சபையொன்றின் வேலைக்காக அமைந்த அந்த நிலையத்திலே நாடற்றவனுக்கு அன்று இடமிருந்திருக்க முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வேலையும் பயிற்சியும் பிரிந்தால் என்ன நேரும் என்பதை, ஒப்பந்தத்தின்படி தமிழகத்துக்கு அனுப்பப்பட்ட நம் உறவினர் தங்கள் வாழ்க்கையாலேயே எழுதிக் காட்டினர். ஒரு பகுதியினரை நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றினர். அவர்கள் கற்ற தொழிலே அங்கும் கிடைத்தது. இடர்ப்பாடுகளோடெனினும் நிலைத்து நின்றனர். பெருந்தொகையானோருக்கோ வியாபாரக் கடன் என்று ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து ஊர் ஊராகச் சிதறவிட்டனர். தலைமுறை தலைமுறையாகத் தேயிலையன்றி வேறறியாதவன், கண்டிராத ஊரில் கடை வைத்து எங்ஙனம் பிழைப்பான்? கடன் கரைந்தது, தரகரிடம் சிக்கிக் கொடைக்கானல் மலைகளிலே கொத்தடிமை வேலைக்குப் போனோரும் உளர். அந்த அவலத்தின் காரணம் பணப் பற்றாக்குறை மாத்திரமன்று. ஒரு மனிதனைத் தொழில் மாற்றுவதற்குப் பணத்தோடு காலமும் பயிற்சியும் வேண்டும் என்பதை அதிகாரிகள் நினைத்துப் பார்க்கவில்லை.

நாடற்ற நிலை தீர மிக நீண்ட காலம் சென்றது. 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னரே அந்த அத்தியாயம் சட்டப்படி முடிந்தது. கொழும்புத் திட்டம் பிறந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னர் நம் இளைஞன் விண்ணப்பப் பத்திரத்தின் முதல் வரியைத் தாண்டினான். இரண்டாம் வரியிலிருந்து வேறு தடைகள் தொடங்கின.

அவற்றைக் கூறுமுன், கூடும் என்று மனம் வைத்தபோது என்ன கூடிற்று என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற பின்னர், 1980களில் சுவீடன் நாட்டு உதவி அப்பாடசாலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டு வந்தது. ஜேர்மன் உதவியுடன் கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியரைத் தோட்டத்து மக்களிடையிருந்தே உருவாக்க வேண்டும் என்ற நோக்கம் தொடக்கத்திலேயே எழுத்தில் வைக்கப்பட்டது. பயின்று வெளியேறியவருக்கு வெற்றிடங்கள் காத்திருந்தன. லயத்திலே பிறந்த பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஆசிரியராயினர். அவர்களிடம் கற்றோர் பல்கலைக்கழகம் புகுந்தனர். இன்று நம் வாசகர்களாகிய உத்தியோகத்தருள் எத்தனை பேர் அக்கல்லூரிக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ கடமைப்பட்டவர்கள் என்று அவரவரே எண்ணிப் பார்க்கட்டும். ஆசிரியத் தொழிலுக்குச் செய்ததைப் பட்டறைத் தொழிலுக்குச் செய்ய முடியாதென்று யார் கூறியது?

மலைநாட்டில் தொழிற்பயிற்சி நிலையமே இல்லை என்று நாம் கூறவரவில்லை. ஹட்டனிலே தொண்டமான் பெயரால் அமைந்த நிலையம் உண்டு. அதற்கு இந்திய உதவியும் கிடைத்திருக்கிறது. கனடா நாட்டு உதவியுடன் நடைபெற்ற பயிற்சிகளும் உண்டு. தொழிற்பயிற்சி அதிகார சபை 1995 முதல் நாடெங்கும் நிலையங்கள் வைத்திருக்கிறது. எமது கேள்வி, பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ ஒரு தோட்டப் பிரிவில் இருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை அங்கே சென்று, விளங்கும் மொழியில் கற்று, செல்லுபடியாகும் சான்றிதழோடு வெளியே வந்து, கௌரவமான வேலையொன்றில் அமர்கிறானா என்பதே. அந்த நீண்ட சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் போட்ட பணம் வீண்.

கடிதத்தை எடுத்துக்கொள்வோம். லயத்து அறைக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யாரேனும் கொண்டு போனால் உண்டு. நேர்முகப் பரீட்சை முடிந்து ஒரு வாரத்துக்குப் பின் அழைப்புக் கடிதம் கிடைத்தது என்ற கதையைக் கேட்டிராத தோட்டம் எதுவுமில்லை. அற்பக் காரியம் என்று பட்டணத்து வாசகர் எண்ணக்கூடும். ஒரு பிள்ளையின் ஆயுட்காலத் தொழில் அந்த ஒரு வாரத்தில் போய்விடுகிறது.

பத்திரங்களின் நிலையும் அதுவே. அம்பகமுவை பிரதேச செயலகம் கினிகத்தேனையில் இருக்கிறது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்த அப்பெரும் பிரிவில், பொகவந்தலாவை மலையுச்சியில் இருப்பவன் ஒரு கையொப்பத்துக்காக ஒரு நாட் பெயரை இழந்து இவ்வளவு தூரம் இறங்கி வந்த காலம் நெடியது. வந்தவனைத் தமிழில் வரவேற்கும் ஆளும் எப்போதும் இருந்ததில்லை. அம்பகமுவை 1999 இல் இருமொழி நிருவாகப் பிரிவாகப் பிரகடனம் செய்யப்பட்டது என்பதை நாம் அறிவோம். வர்த்தமானியில் அச்சானது கருமபீடத்துக்கு வந்து சேர எத்தனை ஆண்டு எடுக்கும் என்பதை மட்டும் அறியோம். பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவும் இவ்வாறே தோட்டத்தின் எல்லையில் சபையின் பணத்தைத் தடுத்து நின்றது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. வரி கேட்கும்போது தோட்டம் நாட்டுக்குள்ளே. வசதி கேட்கும்போது நாட்டுக்கு வெளியே!

அடுத்தது மொழி. எந்தத் தேசிய மொழியிலும் கல்வி பெறும் உரிமையை அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை வழங்குகிறது. நடைமுறையிலோ தமிழில் பயிற்றும் போதனாசிரியர் இல்லை என்ற ஒரே காரணத்தால், வெல்டிங் முதலிய வகுப்புகளைச் சிங்களத்தில் தொடர்வதா, தமிழிற் கிடைக்கும் ஏதோவொரு குறுங்கால வகுப்பில் சேர்வதா என்ற நிலைக்குப் பிள்ளைகள் தள்ளப்படுகின்றனர். சிங்களம் கற்பது நன்று. கற்றோருக்கு வேலையும் எளிது. ஆயினும் ஒரு மொழியையும் ஒரு தொழிலையும் ஒரே ஆறு மாதத்தில் படி என்று சொல்வது படிக்காதே என்று சொல்வதற்குச் சமம்.

பெண் பிள்ளைகளின் பங்கு இன்னும் குறுகியது. எந்த நாட்டு உதவியானாலும் பெண்ணுக்குத் தையல் இயந்திரமே வருகிறது. தையல் இழிவென்று எவரும் கூறார். ஆனால் ஒரு தோட்டத்தில் இருபது பெண்கள் தையல் கற்றால், தைக்கக் கொடுப்பது யார்? மீண்டும் கொழுந்துக் கூடையோ, மத்திய கிழக்கில் வீட்டுப் பணியோதான் கதி. நோயாளர் பராமரிப்பு, மின்வேலை, கணினி, தேயிலைச் சுவைபார்ப்பு என்று ஏன் அவர்களுக்கு வழி திறக்கலாகாது?

சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. சென்ற ஆண்டு எம்மைக் காண ஓர் இளைஞன் வந்தான். வெளிநாட்டு நிதியில் நடந்த குழாய் பொருத்தும் வகுப்பொன்றில் மூன்று மாதம் பயின்றவன். வண்ணப் பத்திரம் ஒன்றை விரித்துக் காட்டினான்; இரண்டு கொடிகள், மூன்று கையொப்பங்கள். வெளிநாட்டு வேலைக்கு அதைக் கொண்டுபோனபோது தேசிய தொழிற்றகைமை இலக்கம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு என்ற ஒன்று இருக்கிறது. நிறுவனம் அங்கே பதிவு பெற வேண்டும், பாடநெறி அங்கே தகுதி பெற வேண்டும். அவனுக்குக் கற்பித்தோர் அதைச் செய்திருக்கவில்லை. வழக்காட வழியுண்டா என்று கேட்டான். போன மூன்று மாதத்துக்கு எந்த நீதிமன்றம் டிக்கிரி கொடுக்கும்?

இதே தகைமை முறையினுள்தான் நம்மவருக்கு மிகப் பயன்படக்கூடிய ஒரு வழியும் இருக்கிறது என்பதைப் பலர் அறியார். ஏழு படிகள் கொண்ட அம்முறையில், முதல் நான்கும் சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்கு ஒப்பு. வகுப்பிலே அமராமல், வேலையிலேயே கற்றுத் தேர்ந்தவனைச் சோதித்து அவனுக்கும் சான்றிதழ் வழங்கலாம் என்று முறை இடங்கொடுக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டி, உருட்டி, உலர்த்தும் இயந்திரத்தின் முன் இருபது ஆண்டு நின்றவன், சூட்டின் அளவை மணத்தாலேயே சொல்வான். தோட்டத்து லொறியைப் பழுதுபார்ப்பவன், கொத்தன், தச்சன், மின்கம்பி இழுப்பவன் என்று ஒவ்வொரு தோட்டத்திலும் பத்துப் பேராவது இருப்பர். செக்ரோல் புத்தகத்திலே அவர்கள் வெறும் "தொழிலாளி". 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட் சம்பளம் 1,350 ரூபாவுக்கு உரியவர்களாக இருந்தனர். தமிழறிந்த மதிப்பீட்டாளர் இருவர் மாதம் ஒரு தோட்டத்துக்குச் சென்று சோதித்தால், கட்டடம் ஒன்றும் கட்டாமலே, நாடா வெட்டாமலே பல நூறு பேருக்குத் தொழிற்பெயர் கிடைக்கும். நாடா வெட்டும் விழா இல்லாமையே இக்காரியம் நடவாமைக்குக் காரணமோ என்று சில வேளை எமக்கு ஐயம் எழுகிறது.

வெளிநாட்டு வேலையின் முகமும் மாறிவருகிறது. கொரியாவுடன் 2004 இலும், யப்பானுடன் 2019 இலும் இலங்கை செய்துகொண்ட உடன்பாடுகள், மொழித் தேர்ச்சியும் தொழிற்றேர்ச்சியும் உள்ளவனுக்கு வழி திறந்திருக்கின்றன. அத்தேர்வுகளுக்கான வகுப்புகள் பட்டணத்தில், கட்டணமோ பெரிது. தகைமையின்றிப் போகும் நம் பெண்கள் வீட்டுப் பணிக்கே போகின்றனர். ஒரே விமானத்தில் ஏறினாலும் இறங்கும் இடத்தில் சம்பளம் இரண்டாகப் பிரிகிறது. அதைப் பிரிப்பது அந்தச் சான்றிதழ்த் தாளே.

பிள்ளைகள் தொழில் கற்றுப் போய்விட்டால் தேயிலையை யார் பறிப்பது என்று தோட்டக் கம்பனியார் கேட்பதும் எம் செவியில் விழுகிறது. மனிதனை அறியாமையில் வைத்துத்தான் ஒரு பயிரைக் காப்பாற்ற முடியுமென்றால், அப்பயிரின் பொருளாதாரத்தையே முதலில் ஆராய வேண்டும். கவ்வாத்து இயந்திரமும் கொழுந்து பறிக்கும் இயந்திரமும் மலைக்கு வரத்தான் போகின்றன. அவற்றை ஓட்டவும் திருத்தவும் தெரிந்தவன் தோட்டத்திலேயே நல்ல சம்பளத்துக்கு இருப்பான். சிற்றுடைமைத் தேயிலையும் மரக்கறியும் பயிரிடும் நம் விவசாயிகளும் நீரிறைக்கும் யந்திரம் பழுதானால் ஹட்டனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதில்லை.

2023 ஜூலையில் இந்தியா மலையகத் தமிழருக்கென்று 75 கோடி இந்திய ரூபா உதவியை அறிவித்தது. 2017 இல் டிக்கோயாவில் 150 கட்டில்கள் கொண்ட மருத்துவமனையை இந்தியப் பிரதமரே வந்து திறந்து வைத்தார். வீடுகளும் கட்டப்பட்டு வருகின்றன. நன்றியுடையோம். அவ்வீடுகளைக் கட்டும் இடங்களிலேயே கொத்து வேலையும் மின்வேலையும் தோட்டத்து இளைஞருக்குக் கற்பித்து, வீடு முடியும்போது தகைமைச் சான்றிதழும் கையிற் கிடைக்குமாறு ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்க்க எவ்வளவு செலவாகும்? வரைவாளரிடம் அரை நாள் வேலை. பத்தனையில் ஜேர்மனியுடன் எழுதிக்கொண்ட அதே வகையில், இனி எந்த நாடு எந்தப் பயிற்சி நிலையத்துக்குப் பணம் தந்தாலும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குரிய இடமும், தமிழ்ப் போதனாசிரியரும், தூரத்தார் தங்கும் விடுதியும், பயிற்சிக் கால உதவிப் பணமும் எழுத்தில் வரவேண்டும். உதவிப் பணம் இன்றேல் வறிய வீட்டுப் பிள்ளை இரண்டாம் மாதமே நின்றுவிடும். நாட் சம்பளத்தை விட்டுப் பட்டறைக்கு வர அவ்வீட்டு அடுப்பு இடங்கொடாது.

நுவரெலியா மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களிடம், எக்கட்சியினராயினும், நாம் மூன்று தகவல்களைக் கோருகிறோம். சென்ற ஐந்து ஆண்டுகளில் இம்மாவட்டத்துக்கு வெளிநாட்டு நிதியில் வந்த ஒவ்வொரு தொழிற்பயிற்சித் திட்டத்திலும் தோட்டப் பிரிவுகளிலிருந்து சேர்ந்தோர் எத்தனை பேர். அவர்களுள் தேசிய தொழிற்றகைமை பெற்றோர் எத்தனை பேர். அவர்களுள் இன்று அத்தொழிலிலேயே இருப்போர் எத்தனை பேர். அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இக்கேள்விகளை எழுத்தில் சமர்ப்பித்து, கிடைக்கும் மறுமொழியை எமக்கு அனுப்பிவைத்தால், ஒரு வரியும் குறையாமல் இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.